கேட்பவருக்கும் ஒரு காது வேண்டும்



விராலிமலையிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள் என் பழைய மாணவி ஒருத்தி. மனநல ஆலோசகர், இது இரண்டாம் வருடம். நேற்று போனில், "அடுத்தவங்க அழுகையைக் கேட்டுட்டு வந்தா ராத்திரி தூக்கமே வரல சார். எனக்கு இந்த வேலை சரிப்படாதோ?" என்றாள்.

ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் பாடம் நடத்தும்போது பயிற்றுநர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். உதறலாக இருக்கும். ஆனால் அவர் திருத்தித்தான் நான் வாத்தியார் ஆனேன்.

சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்கு உழைக்கும் 'சிநேகா', தன்னார்வலர்களுக்கே பயிற்சி கொடுத்துத்தான் உட்கார வைக்கிறது. சம்பளத்துக்கு வந்த புதியவரைத் தனியே விடுவது நியாயமா?

"வேலையை விடாதேம்மா. வந்தவர் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லி வழி கேட்க ஒரு மூத்தவரைப் பிடி" என்றேன்.

உறவுகளே, "சும்மா பேசறதுக்குக் காசா?" என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.