நூல் விற்பனையும் நூலாசிரியர் வருவாயும்

ஒரு நூல் எத்தனை பிரதிகள் விற்கும் என்பதை அது அச்சேறுவதற்கு முன்னரே உறுதியாகக் கூறவல்லார் எவரேனும் உளரோ? பதிப்பாளர் கணக்கிடுகிறார், நூலாசிரியர் கனவு காண்கிறார், வாசகர் இவ்விரண்டையும் அறியாது தம் போக்கிலே போகிறார். இம்மூவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலே இத்தகைய கணக்கொன்றைப் போட்டவர்களுள் தலையாயவர் சுப்பிரமணிய பாரதியார். 1920ஆம் ஆண்டு கடையத்தில் வாழ்ந்தபோது, தம் கையெழுத்துப் பிரதிகளை நூல்களாக்கும் திட்டமொன்றை வகுத்து அவர் நண்பர்களுக்கு எழுதினார். 40 நூல்கள், நூலொன்றுக்கு 10,000 பிரதிகள், ஆக, நாலு இலட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எங்ஙனம் வீடுதோறும் விலைப்படுகின்றனவோ அங்ஙனமே தம் நூல்களும் விலைப்படும் என்பது அவருடைய துணிபு. முதலுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டார். திட்டம் கைகூடவில்லை. 1921 செப்டெம்பரில் அவர் மறைந்தார்.

பாரதியார் கணக்கில் பிழை உண்டா என்று கேட்டால், இல்லை என்றே நான் சொல்வேன். 1949இல் சென்னை அரசு அவர் எழுத்துக்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. பின்னர் அவை பொதுச் சொத்தாயின. அன்று தொட்டு இன்றுவரை தமிழகத்திலும் ஈழத்திலும் அச்சாகி விற்ற பாரதி நூல்கள் நாலு இலட்சத்தை எத்தனையோ மடங்கு கடந்துவிட்டன. தொகை தப்பவில்லை, காலமே தப்பியது. விற்பனை வந்தபோது அதன் பயனைத் துய்க்க ஆசிரியர் உயிரோடு இல்லை.

இது வறிய தமிழுலகின் விதி, செல்வம் கொழிக்கும் ஆங்கில நூலுலகில் இவ்வாறு நேராது என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணத்தைத் தகர்க்கும் சான்றுகள் அமெரிக்க நீதிமன்றமொன்றில் 2022ஆம் ஆண்டு வெளிவந்தன. அந்நாட்டின் மிகப் பெரிய பதிப்பகமான பென்குயின் ராண்டம் ஹவுஸ், மற்றொரு பெரும் பதிப்பகமான சைமன் அன் ஷுஸ்டரை 217.5 கோடி டொலருக்கு வாங்கப் போவதாக 2020 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்க நீதித் திணைக்களம் இதனை எதிர்த்து வழக்காடியது. பதிப்பகங்கள் ஒன்றாகிவிட்டால் நூலை வாங்கப் போட்டியிடுவோர் குறைவர். போட்டி குறைந்தால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் முன்பணமும் குறையும் என்பது அரசின் வாதம். சைமன் அன் ஷுஸ்டரின் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஸ்டீபன் கிங் தாமே அரசு தரப்புச் சாட்சியாக வந்து, தம் பதிப்பகம் கைமாறுவதற்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். 2022 ஒக்டோபர் 31ஆந் திகதி நீதிபதி புளோரன்ஸ் பான் அவ்விணைப்பைத் தடுத்துத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு சைமன் அன் ஷுஸ்டர் 162 கோடி டொலருக்குக் கே.கே.ஆர். என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

வழக்கின் முடிவைவிட, வழக்கிடையே வெளிப்பட்ட உண்மைகளே நமக்கு முக்கியமானவை. அரசு தரப்பு எடுத்துக்கொண்ட நூல்வகைக்கு இட்ட பெயரே சிந்தனைக்குரியது: மிகுதியாக விற்கும் என எதிர்பார்க்கப்படும் நூல்கள். விற்றவை என்றன்று, எதிர்பார்க்கப்படுபவை என்றே கூறினர். 250,000 டொலரும் அதற்கு மேலும் முன்பணம் பெற்றவை இவை. பதிப்பகங்கள் வாங்கும் நூல்களில் இவை நூற்றுக்கு 2 மாத்திரமே. ஆயினும் முன்பணமாகச் செலவிடப்படும் தொகையில் நூற்றுக்கு 70 பங்கு இவற்றுக்கே போகின்றது. எஞ்சிய 98 நூல்களின் ஆசிரியர்கள் மீதி 30 பங்கைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அவ்வாறு பெரும் பணம் கொட்டி வாங்கிய நூல்களாவது எதிர்பார்த்தபடி விற்கின்றனவா? பென்குயின் ராண்டம் ஹவுஸின் அந்நாளைய தலைவர் மார்க்குஸ் டோலே சாட்சிக் கூண்டில் நின்று, நூலின் வெற்றி தற்செயலானது என்று வெளிப்படையாகவே கூறினார். அந்நிறுவனம் வெளியிடும் நூல்களில் நூற்றுக்கு 35 மாத்திரமே இலாபம் தருவன என்பதும், இலாபம் தரும் நூல்களுள்ளும் நூற்றுக்கு 4 நூல்களே இலாபத்தில் 60 பங்கை ஈட்டுகின்றன என்பதும் அங்கே தெரியவந்தன. நூலை வாங்குமுன் பதிப்பாசிரியர் வரவு செலவு மதிப்பீடு ஒன்றைத் தயாரிப்பது அங்குள்ள வழக்கம். இத்தனை பிரதி, இவ்வளவு வரவு என்று அதிலே நிரல்பட எழுதுவார்கள். இலக்கங்கள் துல்லியமாகத் தோன்றும். ஆனால் அவற்றின் அடியில் இருப்பது ஊகமே.

வழக்கு நடந்த நாட்களில், வெளியாகும் நூல்களிற் பாதி ஒரு டசின் பிரதிகள்கூட விற்பதில்லை என்றொரு செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. அச்செய்தி மிகையானது. நூல் விற்பனையைக் கணக்கெடுக்கும் புக்ஸ்கான் சார்பில் அப்போது திருத்தமான விபரம் தரப்பட்டது. முன்னணிப் பத்துப் பதிப்பகங்களின் 45,571 புதிய நூல்களை எடுத்து, 52 வார காலத்தில் அவற்றின் அச்சுப் பிரதிகள் எவ்வளவு விற்றன என்று பார்த்தார்கள். 100,000 பிரதிகளும் அதற்கு மேலும் விற்றவை 163 நூல்கள். 5,000 பிரதிகளைத் தாண்டியவை அனைத்தையும் கூட்டினாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 12 தான். 1,000 பிரதியை எட்டாதவை நூற்றுக்கு 66. அவற்றுள்ளே 12 பிரதிக்குங் குறைவாக விற்றவை நூற்றுக்கு 15 அளவில் இருந்தன. வதந்தியைக் காட்டிலும் உண்மை சற்று ஆறுதலானது, அவ்வளவே.

இவ்விலக்கங்கள் ஆசிரியரின் சட்டைப்பைக்குள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவில் கெட்டி அட்டை நூலுக்கு முதல் 5,000 பிரதிகள்வரை விலையில் நூற்றுக்கு 10 பங்கும், அடுத்த 5,000 பிரதிகளுக்கு 12½ பங்கும், அதற்கு மேல் 15 பங்கும் ஆசிரியருக்கு உரிமைத்தொகையாகக் கொடுப்பது பொதுவான வழக்கம். முன்பணம் என்பது இவ்வுரிமைத்தொகையை முன்கூட்டியே கொடுப்பதாகும். அது விற்பனையால் ஈடாகும்வரை ஆசிரியருக்கு மேலும் ஒரு சதமும் கிடையாது. ஒரு நூலின் விலை 28 டொலர் என்றும் முன்பணம் 20,000 டொலர் என்றும் கொள்வோம். முதல் 5,000 பிரதிகளுக்கு 14,000 டொலர். மீதி 6,000 டொலருக்கு இன்னும் 1,700 பிரதிகளுக்கு மேல் விற்றாக வேண்டும். ஆக, ஏறக்குறைய 6,700 பிரதிகள் விற்றால் மாத்திரமே முன்பணம் ஈடாகும். மேலே சொன்ன புள்ளிவிபரத்தோடு இதை ஒப்பிட்டால், நூறு நூல்களில் எத்தனை அந்தப் படியைத் தாண்டும் என்பது விளங்கும். அந்த 20,000 டொலரும் மொத்தமாக வருவதன்று. ஒப்பந்தத்தின்போது ஒரு பங்கு, கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்கும்போது ஒரு பங்கு, நூல் வெளிவரும்போது ஒரு பங்கு எனத் தவணையாக வரும். அதிலே முகவருக்கு நூற்றுக்கு 15.

எழுத்தையே தொழிலாகக் கொண்டோரின் நிலை இதனாலேயே நலிந்து வருகின்றது. பிரித்தானிய எழுத்தாளர்களைக் குறித்துக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வின்படி, தம் வேலைநேரத்திற் பாதிக்கு மேல் எழுத்தில் செலவிடும் ஆசிரியர்களை வருமான வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் 2006இல் ஆண்டுக்கு 12,330 பவுண் பெற்றார். 2018இல் 10,497 பவுண். 2022இல் 7,000 பவுண் மாத்திரமே. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதே கதையைத்தான் சொல்கிறது. முழுநேர எழுத்தாளருள் நடுவில் நிற்பவர் 2022ஆம் ஆண்டு நூல்களால் ஈட்டியது 10,000 டொலர். சொற்பொழிவு, கற்பித்தல் முதலிய துணைவேலைகளையும் சேர்த்தால் 20,000 டொலர். அந்நாட்டின் வாழ்க்கைச் செலவை அறிந்தோர்க்கு இது எத்துணைச் சிறு தொகை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றைக் கொண்டு பதிப்பாளரைக் கொடியவராகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. அவரும் இருட்டிலே கல்லெறிபவரே. ஹரி பொட்டர் வரிசையின் முதல் நூலை 1997இல் புளூம்ஸ்பரி வெளியிட்டபோது கெட்டி அட்டைப் பதிப்பாக அச்சிட்டது 500 பிரதிகள். பின்னர் உலகமே அந்நூல்களை வாரிக்கொண்டது. ஊகம் மிகையாவதும் குறைவதும் இத்தொழிலின் இயல்பு.

ஆனால், ஊகம் பொய்க்கும்போது அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்பதே கேள்வி. பெரும் பதிப்பகத்தின் கையில் இரண்டு காப்புகள் இருக்கின்றன. ஒன்று, எண்ணிக்கை: ஆயிரம் நூல்களை வெளியிடுபவருக்கு எந்த நூல் வெல்லும் என்று தெரியாவிட்டாலும், ஏதோ சில வெல்லும் என்பது நிச்சயம். மற்றையது, காலம்: அமெரிக்காவில் விற்கும் நூல்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை பழைய வெளியீடுகளே. இன்று விற்காத நூல் நாளை விற்கலாம், பதிப்பகம் காத்திருக்கும். எழுத்தாளருக்கு இவ்விரண்டும் இல்லை. ஐந்து ஆண்டு உழைப்பின் பயனாக அவரிடம் இருப்பது ஒரேயொரு நூல். வாழ்வதற்கு இருப்பது ஓர் ஆயுள். நிறுவனத்துக்குச் சராசரியாகத் தெரிவது தனிமனிதருக்குத் தலைவிதியாகிறது. பாரதியாருக்கு நேர்ந்ததும் இதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஈழத்தில் எழுத்தாளருக்கு முன்பணம் கொடுக்கும் பதிப்பாளர் அரிதினும் அரியர். பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளர். 300 அல்லது 500 பிரதிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்கி, அன்று உறைகளிலே சேரும் பணத்தால் அச்சகக் கடனின் ஒரு பகுதியைத் தீர்ப்பர். மிஞ்சிய பிரதிகள் வீட்டு அலுமாரியிலே தங்கும். பதிப்பகத்துக்குள்ள எண்ணிக்கைக் காப்பு இங்கே கிடையாது. ஒரே நூலில் ஆசிரியரின் நட்டமும் பதிப்பாளரின் நட்டமும் ஒருவர் தலைமேலேயே விழுகின்றன. ஆசிரியத் தொழிலில் இருந்த என் நண்பர்கள் பலர் சேமலாப நிதியை எடுத்து நூல் அச்சிட்டதை நான் அறிவேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன; நாளேடுகள் இரண்டு அச்சுப் பதிப்பை நிறுத்தின. அத்தகைய காலத்திலும் நூல் வெளியிடத் துணிந்தோரை என்னென்று சொல்வது!

ஆயினும் நம் நாட்டில் வாசகரே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் நாவல்களை மலிவுப் பதிப்பாக வெளியிடத் தொடங்கியது. 1973இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ போன்றவை அவ்வழியாகவே பரந்த வாசகரை அடைந்தன. நாளேட்டை ஊர்தோறும் கொண்டுசென்ற அதே விநியோக வலை நூலையும் கொண்டுசென்றது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யைத் தாமே கையில் ஏந்தி யாழ்ப்பாண வீதிகளில் விற்றதும் யாவரும் அறிந்ததே. நூல் வாசகரைத் தேடிச் சென்றவிடத்து வாசகர் இருந்தனர் என்பதற்கு இவை சான்று.

என்ன செய்யலாம்? முதலாவது, பதிப்பாளர் வழியே நூல் வெளியிடும் எவரும் எழுத்துமூல ஒப்பந்தமும், எத்தனை பிரதி அச்சாகி எத்தனை விற்றன என்ற ஆண்டுக் கணக்கும் கேட்டுப் பெறவேண்டும். உறவும் நட்பும் கணக்கைக் கேட்கத் தடையாகலாகாது. இரண்டாவது, நூலகங்கள். பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது நூலகத்தில் நூல் இரவல் போகுந்தோறும் ஆசிரியருக்கு ஒரு சிறு தொகை சேர்கிறது. நம் அரசு அவ்வளவு தூரம் போகாவிடினும், பிரதேச நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் உள்ளூர் நூல்களை ஒழுங்காக விலைகொடுத்து வாங்கலாம். மூன்றாவது, தேவைக்கேற்பச் சிறுகச் சிறுக அச்சிடும் வசதி இன்று வந்துவிட்டது. 500 பிரதிகளை ஒரேயடியாக அச்சிட்டு அலுமாரியை நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. கால நீட்சி என்னும் காப்பை எழுத்தாளரும் பெற இது ஒரு வழி.

நாலாவது, நம்மைப் பற்றியது. இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய அன்பர்களும் அன்பளிப்புப் பிரதியை எதிர்பார்ப்பதைக் கைவிட வேண்டும். நண்பரின் நூலை இலவசமாகப் பெற்று விமரிசனக் கூட்டத்தில் புகழ்வதைவிட, விலைகொடுத்து வாங்கிக் குறைகூறுவது அவருக்குச் செய்யும் பேருதவி. ஐந்நூறு பிரதி விற்கும் சமூகத்திலே ஒரு வாசகர் வாங்கும் ஒரு பிரதி, இலட்சம் பிரதி விற்கும் நாட்டிலே இருநூறு பேர் வாங்குவதற்குச் சமம். அந்த ஒரு பிரதிக்கான பணத்தை ஆசிரியர் கண்ணால் காணும் காலத்திலேயே கொடுப்போமாக.