பொங்கற் பானையும் பூட்டிய அலமாரியும்

தைத் திங்கள் பிறந்துவிட்டால் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் முற்றங்கள் புதுக்கோலம் பூணுகின்றன. வாயிலில் கரும்பும் தோரணமும், தரையில் மாக்கோலம், நடுவில் மூன்று கற்களின்மேல் மஞ்சட்கொத்துக் கட்டிய புதுப்பானை. வேட்டி கட்டிய சிறுவரும் பட்டுப்பாவாடை உடுத்திய சிறுமியரும் அடுப்பைச் சூழ்ந்து நிற்கின்றனர். பால் பொங்கி வழிகையில் எழும் முழக்கம் சாலைவரை கேட்கிறது. சிறப்பு விருந்தினர் பேசுகிறார். பெற்றோர் படம் எடுக்கின்றனர். நண்பகலுக்குள் யாவும் இனிதே நிறைவெய்துகின்றன. அதே கட்டடத்தின் ஒரு மூலையில் ‘நூல்நிலையம்’ என்ற பலகை தொங்கும் அறை ஒன்றும் உண்டு. ஈப்போவிலும் அதனைச் சுற்றியிருந்த பழைய தோட்டப்புறங்களிலும் நான் கலந்துகொண்ட விழாக்கள் பலவற்றில் அவ்வறை அன்று நாற்காலி அடுக்கும் கிடங்காக இருந்தது. சிலவற்றில் விருந்தினர் சிற்றுண்டி அருந்தும் கூடமாக இருந்தது. ஒரு பிள்ளையேனும் அன்று அங்கே அமர்ந்து ஒரு நூலைப் புரட்டக் கண்டிலேன்.

விழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பொங்கலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் வீட்டுப் பொங்கல் வேறு; பள்ளிப் பொங்கல் வேறு. வீட்டில் பானை வைக்கத் தாய் இருக்கிறாள். கோயிலில் வைக்க ஊர் இருக்கிறது. பள்ளிக்கூடம் எதற்காக வைக்கிறது? பிள்ளைக்கு அந்த விழாவின் பொருளை மொழியின் வழியாகக் கொடுப்பதற்காக அன்றோ? நூலைத் திறக்காத பள்ளி விழா, பள்ளி வளாகத்தில் நடந்த விழாவேயன்றிப் பள்ளியின் விழா ஆகாது. இதுவே என் வழக்கு.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். இளவேனில் என்றால் என்ன என்று நம் மாணவரைக் கேட்டால் என்ன விடை வருகிறது? சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பாடம் ஒப்பிக்கிறான். மா பூக்கும், குயில் கூவும், தென்றல் வீசும் என்று எழுதுகிறான். நன்று. ஆனால் அவன் பாட்டன் பால் வெட்டிய காட்டிலும் ஓர் இளவேனில் இருந்ததே, அதை அவன் அறிவானா? 1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதுமரமாக இன்றும் அங்கே நிற்கிறது. அந்த இனத்தின் வழிவந்த மரங்களே நம்மவரின் வாழ்வையும் சாவையும் எழுதின. பொங்கல் கழிந்து சில கிழமைகளில் ரப்பர் இலைகள் சிவந்து பழுத்து உதிரும். காடு முழுதும் வெறுங்கிளையாய் நிற்கும். பின்னர்ச் செம்புநிறத் தளிர் விடும். தளிர் முற்றும்வரை பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். சீனர் தம் வசந்த விழாவைக் கொண்டாடும் அதே நாள்களில், தோட்டத்துத் தமிழன் வீட்டில் அடுப்பு சற்றே அடங்கி எரியும். சித்திரை பிறக்கும்போது காடு மீண்டும் பசுமை கொள்ளும்.

இந்த இளவேனிலை எந்தப் பிள்ளை தன் கட்டுரையில் எழுதுகிறது? எழுதாததற்குக் காரணம் பிள்ளையின் அறியாமை அன்று. அதைச் சொல்லும் நூல் எதுவும் அதன் கையில் கிடைக்கவில்லை. கா. பெருமாளின் ‘துயரப் பாதை’யும், அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யும் தோட்ட வாழ்வைப் பெரியோருக்குச் சொல்லின. பத்து வயதுப் பிள்ளை படிக்கத்தக்க வகையில் அவ்வாழ்வைச் சொல்லும் நூல்கள் நம் பள்ளி அலமாரிகளில் எத்தனை உள்ளன? ஒவ்வோர் ஆசிரியரும் தம் பள்ளியில் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் முன்னோர் விழாவையும் எழுத்தையும் இவ்வாறு பிரித்து வைக்கவில்லை. 1952ஆம் ஆண்டில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அது பரவியது. அத்திருநாளின் நடுநாயகம் பானை அன்று. மேடையும் பேச்சும் எழுத்துமே. அதே பத்தாண்டுகளில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தை அச்சில் ஏற்றியது. பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கியத்தில் பெயர் பெற்ற பலர் அங்கே கை பழகியவர்கள். சமயம் கடந்து, சாதி கடந்து தமிழரை ஒன்றாக்க ஒரு நாளைத் தேடியவர், அந்நாளைச் சொல்லின் நாளாக ஆக்கினார். இன்று நாம் அத்திருநாளின் கரும்பை வைத்துக்கொண்டோம், சொல்லை விட்டுவிட்டோம்.

நான் படித்ததும் பேராக்கின் ஒரு தோட்டப் பள்ளியில்தான். கண்ணாடிக் கதவு போட்ட மரஅலமாரி ஒன்று அங்கே இருந்தது. உள்ளே ஏறத்தாழ நூறு நூல்கள். அட்டைகளின் நிறம் இன்றும் என் நினைவில் உள்ளது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதுதான் தெரியாது. சாவி மேசை இழுப்பறையில் இருந்தது. மேற்பார்வையாளர் வரும் நாளில் கதவு திறக்கும். சரசுவதி பூசையன்று நூல்கள் வெளியே வந்து, சந்தனமும் குங்குமமும் பெற்று, மறுநாள் உள்ளே போகும். ஆறாண்டுகளில் ஒரு நூலும் என் கைக்கு வரவில்லை. கடைக்காரர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பழைய ‘அம்புலிமாமா’ இதழ்கள்தாம் எனக்கு எழுத்தின் சுவையைக் காட்டின. பின்னர்த் தோட்டம் கைமாறியது, மக்கள் வெளியேறினர், பள்ளி வேறிடம் பெயர்ந்தது. அலமாரியை லாரியில் ஏற்றும்போது சாவியைக் காணவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தார்கள். அட்டைகளுக்குள் கறையான் மண் இருந்தது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று காத்த நூல்களைக் கறையான் கிழிக்கவில்லை, தின்றே விட்டது. அன்று கண்டதை நான் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை.

இதற்கு மறுப்புரைப்பார் உளர். அவர்தம் கூற்றுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

“தேர்வு நெருக்குகிறது, கதை படிக்க நேரம் ஏது?” என்றார்கள். 1988ஆம் ஆண்டு தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2019ஆம் ஆண்டில் இறுதியாக நடந்து, 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டது, நேரம் வந்ததா? பயிற்சி நூல்கள் மட்டும் முன்போலவே மேசைமேல் குவிந்திருக்கின்றன.

“கைப்பேசி வந்து வாசிப்பைக் கெடுத்துவிட்டது” என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் என் அலமாரி பூட்டிக் கிடந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் எவர் கையிலும் கைப்பேசி இல்லை. பழைய பூட்டுக்குப் புதிய கருவிமேல் பழி போடுவது முறையாகாது.

“வாசிப்புத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறதே” என்பார்கள். 1990களின் இறுதியில் கல்வியமைச்சு தொடங்கிய ‘நிலாம்’ திட்டம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. எத்தனை நூல் படித்தாய் என்று அது பதிவு செய்யச் சொல்கிறது. பதிவேடு நிரம்ப வேண்டும் என்ற அவசரத்தில் முன்னட்டையையும் பின்னட்டையையும் பார்த்து எழுதும் பிள்ளையை நாம் எல்லோரும் அறிவோம். எண்ணிக்கை ஏறுகிறது, வாசிப்பு ஏறவில்லை.

“ஆசிரியருக்குச் சுமை” என்பது நான்காவது கூற்று. இதனை நான் எள்ளி நகையாட மாட்டேன். 150 மாணவருக்கும் குறைந்த சிறுபள்ளிகளில் நூல்நிலையப் பொறுப்பாசிரியரே வகுப்பாசிரியராகவும் விளையாட்டுப் பொறுப்பாளராகவும் இருக்கிறார். அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. பொங்கல் விழாவுக்குச் செய்யும் உழைப்பில் ஒரு பகுதியை இடம் மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நம்மவரிடையே இன்னொரு வழக்கும் ஓயாமல் நடக்கிறது: புத்தாண்டு தையிலா, சித்திரையிலா? தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு தை முதல் நாள் என்று சட்டம் வந்தது. 2011ஆம் ஆண்டு அச்சட்டம் நீக்கப்பட்டது. அவ்வழக்கின் அலை கடல் கடந்து இங்கும் அடித்தது, நண்பர்கள் பகைவராயினர். எந்தத் திங்களாயினும் ஆகுக. அத்திங்களில் தமிழ்ப்பிள்ளை ஒன்று ஒரு தமிழ் நூலை முழுவதும் படித்ததா என்று இரு தரப்பாரும் ஒருமுறை கேட்டிருந்தால், அந்தச் சொற்போரில் ஒரு பயன் விளைந்திருக்கும்.

பிற மக்கள் இதை எவ்வாறு செய்கின்றனர் என்று பாருங்கள். பாரசீகர் இளவேனிற் புத்தாண்டான நவ்ரோசு நாளில் விரிக்கும் மங்கலப் பொருள்களிடையே கவிஞர் ஆபீசின் நூலை வைக்கின்றனர். வைத்துக் கும்பிடுவதோடு நில்லாமல், பிரித்துப் படிக்கவும் செய்கின்றனர். ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியர் ஏப்பிரல் 23ஆம் நாளில் ஒருவருக்கொருவர் ரோசாப்பூவும் நூலும் வழங்குகின்றனர். 1930 முதல் அந்நாள் அங்கே நூல் நாள். அவர்தம் மொழி பிராங்கோவின் ஆட்சியில் பொதுவாழ்விலிருந்து ஒடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது அழியவில்லை. 1995இல் யுனெஸ்கோ அதே நாளை உலக நூல் நாளாக அறிவித்தது. ஏப்பிரல் 2ஆம் நாள் அனைத்துலகச் சிறுவர் நூல் நாள். இவ்விரண்டுக்கும் நடுவில் நம் சித்திரை முதல் நாள் வருகிறது. இந்த மூன்று கிழமைகளையும் நாம் ஏன் வீணே விடுகிறோம்?

ஆகவே நான் முன்வைப்பவை எளியவை. பொங்கல் விழா நூல்நிலையத்தில் தொடங்கட்டும். அடுப்பு மூட்டுமுன் ஆறாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டட்டும். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பள்ளி மூடுமுன் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். பிள்ளைக்கு நேரம் கிடைப்பது விடுமுறையில். நாமோ விடுமுறையில்தான் நூல்நிலையத்தை இறுகப் பூட்டுகிறோம்! சித்திரை வரும்போது, பால் வெட்டிய பாட்டிமாரைப் பள்ளிக்கு அழையுங்கள். இலையுதிர்ந்த காட்டைப் பற்றி அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும், எழுதியதைத் தைத்து அட்டையிட்டு அலமாரியில் வையுங்கள். கிழிகிற நூல்கள் கிழியட்டும். கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல்.

பணம் எங்கே என்று கேட்பீர்களானால், சுங்கை சிப்புட் தந்த துன் வீ. தி. சம்பந்தனை நினையுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்காகப் பால்வெட்டுத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்களையே வாங்கினர். தோட்டம் வாங்கிய கைகளின் பேரர்களுக்கு ஐம்பது நூல் வாங்க இயலாதா? ஓராண்டுப் பந்தற் செலவும் பொன்னாடைச் செலவும் போதும்.

எழுத்தாளராகிய நாமும் குற்றத்திலிருந்து தப்ப இயலாது. நூல் வெளியிடுகிறோம், முதற்படியைச் செல்வர் வாங்குகிறார், மாலை விழுகிறது, எஞ்சிய படிகள் வீட்டில் கட்டாகக் கிடக்கின்றன. சிறுவருக்கு எழுதுவதை இழிவாகக் கருதியவர்களும் நம்மில் உண்டு. பத்து வயதில் தமிழ் படியாதவன் நாற்பது வயதில் நம் நாவலைப் படிப்பான் என்று எந்த நம்பிக்கையில் எழுதுகிறோம்?

1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530; அவற்றுள் 130க்கும் மேற்பட்டவை பேராக்கில் உள்ளன. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. அந்த மாற்றத்தைத் தடுக்கும் வலிமை நம்மிடம் இல்லாதிருந்திருக்கலாம். எஞ்சிய பள்ளிகளில் ஓர் அறையின் கதவைத் திறக்கும் வலிமையுமா இல்லை?

ஆசிரியப் பெருமக்களே, வரும் தையில் கரும்பு கட்டுமுன், பானைக்குச் சொல்லுமுன், நூல்நிலையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, அவர்கள் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள்.