கூடாரம் போதும்

ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் சற்று மேடான இடத்தில் நின்று பார்த்தால், கிழக்கே நீலநிறத்தில் ஒரு மலை தெரியும். அதுதான் 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங். மலையின் உச்சி ஜொகூர் மாநிலத்தில் இருந்தாலும், அதன் அடிவாரம் மலாக்காவின் ஆசகானை வந்து தொடுகிறது. ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ள இப்பூங்காவிற்கு மலாக்கா நகரிலிருந்து மகிழுந்தில் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். ஆயினும், இம்மலையை நாள்தோறும் பார்த்து வளரும் தமிழ் மாணவர்களுள் அதன் காட்டில் ஓர் இரவேனும் தங்கியவர்கள் மிகச் சிலராகவே இருப்பர்.

“காடு ஆபத்தானது, போக வேண்டாம்” என்பதே பெரும்பாலான பெற்றோரின் பதில். அப்படியே போனாலும், துணிக் கூடாரத்தைவிடக் கேரவன் எனப்படும் வீட்டு வண்டியே பாதுகாப்பானது என்ற எண்ணமும் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. இவ்விரண்டு எண்ணங்களும் மறுஆய்வுக்குரியவை.

முதலில் அச்சத்தைப் பார்ப்போரும் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன், சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே ஒரு பண்ணை முகாமின்மீது மண்சரிவு ஏற்பட்டது. அது பள்ளி விடுமுறைக் காலம். கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 31 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எந்தத் தாய்தான் பிள்ளையை முகாமுக்கு மகிழ்ச்சியோடு வழியனுப்புவாள்?

ஆனால், அந்த இரவு உணர்த்துவது என்ன என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மண் சரிந்தது தேசியப் பூங்காவின் நடுக்காட்டில் அன்று, சாலையோரச் சரிவில். அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் பெறப்படவில்லை என்று அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர். பல நாள் பெய்த மழையால் சரிவின் மண் நீரில் ஊறிப் போயிருந்தது. டன் கணக்கான மண் சரிந்து வரும்போது அதன் வழியில் நிற்பது துணிக் கூடாரமா இரும்பு வண்டியா என்பது பெரிய வேறுபாடு ஆகாது. எங்கே தங்குகிறோம், அந்த இடத்தை யார் ஆய்ந்து அனுமதித்தார்கள், வானிலை எப்படி உள்ளது என்பவையே உயிரைக் காக்கும் கேள்விகள். எனவே, அந்தத் துயரம் கூடாரத்துக்கு எதிரான சான்று அன்று. உரிமமில்லாத இடத்துக்கு எதிரான சான்று.

குனோங் லேடாங் போன்ற பூங்காக்களில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார். மலையேறுவோர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டியுடன்தான் ஏற வேண்டும். மேலே கொண்டு செல்லும் பொருள்கள் பட்டியலிடப்படுகின்றன. இறங்கி வரும்போது அப்பட்டியல் சரிபார்க்கப்படுகிறது. மிட்டாய் உறை ஒன்றைக்கூட காட்டில் விட்டுவர முடியாத இந்த ஏற்பாட்டைச் சிலர் தொல்லை என்கின்றனர். அது தொல்லைதான்; ஆயினும், வேண்டிய தொல்லை.

அருவியும் ஆறும் உள்ள இடங்களில் மற்றோர் ஆபத்து உண்டு. மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். மலையுச்சியில் பெய்த மழை, மரக்கிளைகளையும் சேற்றையும் அடித்துக்கொண்டு திடீரென்று கீழே பாய்வதே அது. கீழே குளிப்பவர்களின் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பலர் ஏமாந்து போகின்றனர். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைதழைகள் மிதந்து வந்தாலோ, நீரின் ஓசை மாறினாலோ, உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். துணிமணிகளை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. ஆற்றங்கரை மணலில் கூடாரம் அடிப்பது எவ்வளவு தவறு என்பதை ஒரு மாணவன் வகுப்பறையில் படித்து மறந்துவிடலாம். காட்டில் வழிகாட்டி விரலை நீட்டி, சென்ற முறை வெள்ளம் வந்த உயரத்தை மரத்தில் காட்டினால் மறக்கமாட்டான்.

இந்த அறிவு தோட்டத் தமிழருக்குப் புதியதன்று. ரப்பர்ப் பயிரின் முன்னோடிகளுள் ஒருவரான டான் சே யான், 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். அதன்பின் மாநிலமெங்கும் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால் மரம் வெட்ட வந்தவர்களுள் தமிழர் பலர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கின் ஒளியில் மரம் வெட்டியவர்களுக்குக் காற்றின் மணத்தைக் கொண்டே மழை வருவதைச் சொல்லத் தெரியும். எந்தச் சருகுக் குவியலில் கால் வைக்கக் கூடாது என்பதும், அட்டை கடித்தால் பிடுங்காமல் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். தோட்டமும் காடும் சந்திக்கும் எல்லையில் முனீஸ்வரருக்கு ஒரு கல்லை நட்டு, சூடம் ஏற்றி, அனுமதி கேட்டுவிட்டே உள்ளே நுழைந்தவர்களும் அவர்களே. அதை வெறும் பயம் என்று சொல்லிவிட முடியாது. காட்டுக்குள் தான் ஒரு விருந்தாளி என்ற நினைவும் அதில் இருந்தது.

லயத்து வீடுகளை விட்டு நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த அறிவு கூடவே வரவில்லை. அச்சம் மட்டும் வந்து சேர்ந்தது. தாத்தா காட்டைத் தெரிந்துகொண்டு அஞ்சினார். பேரனோ தெரியாமலேயே அஞ்சுகிறான். இந்த இழப்பைச் சரிசெய்யக் கூடாரத்தைவிட எளிய வழி வேறு இல்லை.

லேடாங்கில் முகாமிட்டவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் மலாக்காவுக்கு வந்தார். இன்றைய ஜாசின் மாவட்டத்தின் ஆயர் பானாஸ் வட்டாரத்திலிருந்து, மலாய்க்காரர் சிலரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். அரிசி, கருவாடு, காப்பி, போர்வை, பூச்சி வலை ஆகியவையே அவர்களின் மூட்டையில் இருந்தவற்றுள் முக்கியமானவை. வழியில் முழங்கால் அளவு சேறு. அட்டைகளோ கணக்கில்லை, ஒன்று வாலஸின் கழுத்திலேயே ஏறி இரத்தம் குடித்தது. அடிவாரத்தில் கிளைகளைக் கொண்டு குடிசை கட்டித் தங்கினார்கள். மேலே ‘பாடாங் பத்து’ என்னும் பாறைவெளியில் தாகத்தால் தவித்தபோது, குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்தார்கள். அதில் பூச்சிகள் மிதந்தன. இருந்தும், சுவை நன்றாகவே இருந்ததாம். யானையும் காண்டாமிருகமும் நடமாடிய இடம் என்பதால் இரவில் தீயை அணையவிடவில்லை.

அந்தக் காண்டாமிருகம் இன்று இல்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. மிச்சமிருக்கும் காட்டில் மாணவர்கள் எப்படித் தங்குகிறார்கள் என்பது இதனால்தான் முக்கியமாகிறது.

வீட்டு வண்டியின் குறை இங்கேதான் தெரிகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, குளிர்சாதனம் எல்லாம் அடங்கிய அவ்வண்டி உள்ளே செல்ல அகலமான சாலை வேண்டும். நிற்கச் சமதளம் வேண்டும். மின் இணைப்பும், கழிவுநீரை இறக்கும் தொட்டியும் வேண்டும். அத்தனையும் செய்து முடிப்பதற்குள் பார்க்க வந்த காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். கூடாரத்துக்கு வேண்டியது நான்கு எட்டு நிலம். மறுநாள் அதைச் சுருட்டினால், நசுங்கிய புல் நிமிர்ந்துகொள்ளும்.

உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872இல் அமைந்தது. அங்குள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கூடாரத்துக்கு அனுமதியில்லை. உறுதியான சுவருள்ள வண்டிகளே தங்கலாம். கரடிகள் நடமாடும் இடம் அது. அங்கே வண்டிக்கு ஒரு காரணம் இருக்கிறது. லேடாங்கில் இரவில் தேடி வருவன பெரும்பாலும் கொசுக்கள். லேடாங் இளவரசி, தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம் ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயங்களைச் சீதனமாகக் கேட்டாள் என்பது கதை. அங்கே கொசுவலை இல்லாமல் ஓர் இரவு படுத்தவர்கள், அந்தச் சீதனம் அவ்வளவு கடினமானதன்று என்று நினைக்கக்கூடும்.

முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கும் வீட்டு வண்டி பெரும் உதவி. அதை மறுப்பது நியாயமாகாது. பூங்காவின் வாயிலுக்கு வெளியே, ஏற்கெனவே சாலையும் மின்சாரமும் உள்ள இடத்தில் அவ்வண்டிகளுக்கு இடம் ஒதுக்கலாம். ஆனால், நல்ல உடல்நலமுள்ள பதினைந்து வயது மாணவன் குளிர்சாதன அறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டு, “காட்டில் தங்கினேன்” என்று சொல்வதில் பொருள் இல்லை. துணிச் சுவருக்கு அப்பால் சில்வண்டின் இரைச்சல் கேட்கும். நள்ளிரவில் அது திடீரென்று நிற்கும். ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. பள்ளிச் சாரணர் இயக்கத்திடம் பெரும்பாலும் கூடாரங்கள் இருக்கும். அவை ஆண்டுக்கு ஒருமுறை திடலில் விரிக்கப்பட்டு, மீண்டும் பொருளறைக்குள் போய்விடுகின்றன. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள ஒரு பள்ளி, மழை குறைந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டு, அடிவார முகாமில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். பதிவு, வழிகாட்டி, வானிலை அறிவிப்பு மூன்றும் கிடைத்த பின்னரே பேருந்து நகர வேண்டும். முன்பு தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது. மலையேற வேண்டியதில்லை, மாலையில் முகாமில் அமர்ந்து, அட்டையைப் பற்றியும் மழையின் மணத்தைப் பற்றியும் சொன்னால் போதும். அச்சத்தோடு பிள்ளையை அனுப்பிய தாய்க்கும் அந்தப் பேருந்தில் ஓர் இருக்கை ஒதுக்கலாம்.