கட்டுச்சோறு இல்லாத பயணம்: மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள்

 

யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், பயணத்துக்கு வேண்டிய எதையும் எடுத்துக்கொள்ளாமலே புறப்படுவார்கள். அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்குத் தேவையானவற்றைத் திரட்டிக்கொள்ள வேண்டும், அவற்றுள் மேலானது இறையச்சமே என்று அறிவுறுத்தும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இவர்கள் தொடர்பாகவே இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆயத்தமின்மைக்குத் தவக்குல் என்று பெயரிடுவதை மார்க்கம் ஏற்கவில்லை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்துத் தேய்ந்த தகப்பன்மார்களின் பிள்ளைகள் இன்று ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் முதுகலை படிக்கச் செல்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் வீடுகளில் நடக்கும் ஆயத்தம் பெரும்பாலும் பெட்டி கட்டுவதிலும் வழியனுப்பு விருந்திலும் முடிந்துவிடுகிறது. மசாலாப் பொடியை நிறுத்துப் பார்க்கிறோம். படிப்புக்கான பணம் எந்த வழியில் வருகிறது என்பதை நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்குக் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்க ஜூலை 15 கடைசி நாள்; சிலவற்றில் அதற்கும் முன்பே முடிந்துவிடும். 2022 நவம்பர் முதல், இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் தம் கல்விச் சான்றுகளை ஏ.பி.எஸ். என்ற அமைப்பிடம் சரிபார்த்துக்கொள்வது பொதுவாகக் கட்டாயம். ஆண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் கடைத்தெருவும் அரசு அலுவலகமும் ஜெர்மன் மொழியில்தான் இயங்கும். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் அடிப்படை நிலையையேனும் படித்து முடிப்பது நல்லது. ஆகவே, ஓராண்டுக்கு முன்பே தொடங்காத ஆயத்தம் ஆயத்தமே அன்று.

அடுத்தது வாய்மை. எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் கேட்கும். அதை முகவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. பிறர் எழுதியதைத் தன் சொல் என்று கையெழுத்திட்டு அனுப்புவது பொய் அல்லவா? நம் பிள்ளைகளுக்கு இரவல் வார்த்தை எதற்கு? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறியதையும் அருகிலிருந்து அறிந்த பிள்ளை, சுற்றுச்சூழல் பொறியியலையோ வேதியியலையோ தான் ஏன் படிக்க வேண்டும் என்பதைத் தன் சொற்களிலேயே எழுத முடியும். அதைவிட உண்மையான காரணம் வேறு எங்கே கிடைக்கும்?

மூன்றாவது, எல்லாவற்றிலும் கனமானது, பணம். முடக்கக் கணக்குக்கு மட்டுமே பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கடைசி நேரத்தில் வங்கியில் காட்டுவதற்கென்று வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. வட்டி ஹராம் என்பதை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். காலம் கடந்தபின் வேறு வழி தெரியாதவர்கள். வழிகளை முன்பே தேட வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. வெளிநாட்டில் முதுகலை படிக்கும் முஸ்லிம் மாணவர்கள் 10 பேருக்குத் தலா 36 லட்சம் ரூபாய் உதவித்தொகையைத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. பத்துப் பேருக்குத்தான் என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறோம். அந்தப் பத்தில் நம் பிள்ளை ஏன் ஒருவராக இருக்கக்கூடாது?

நான்காவது இபாதத். டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் மாலை நான்கு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும் வகுப்பு வேளைக்குள்ளேயே வந்து போகும். ஜூனிலோ இரவு பத்து மணியளவில்தான் மஃக்ரிப். அடிவானத்து வெளிச்சம் முழுதும் அடங்குமுன்பே விடியல் நெருங்கிவிடும். இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் அவ்வூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பயணி என்று சொல்லிக் கஸ்ராகச் சுருக்கித் தொழும் மாணவர்களும் உள்ளனர். ஓர் ஊரில் 15 நாள் தங்க நாடினாலே ஹனஃபி மத்ஹபில் சலுகை முடிந்தது. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நாடினால் முடிந்தது. இரண்டாண்டு படிக்கச் செல்பவர் அங்கே முகீம்தான். பகுதிநேர வேலையும் அப்படியே. மதுவைப் பரிமாறும் வேலை வந்தால் என்ன செய்வது என்பதை, வாடகைக்குப் பணம் இல்லாத நாளில் முடிவு செய்ய முடியாது. இங்கிருந்து புறப்படும் முன்பே உறுதி கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க இயலாது. ஆகவே நம் பகுதி ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை இளங்கலை இறுதியாண்டில் இருக்கும்போதே, முன்பு சென்று திரும்பியவர்களையும் ஓர் ஆலிமையும் பெற்றோரையும் ஒன்றாக அமர்த்துங்கள். பைத்துல்மாலில் மேற்படிப்புக்கென அழகிய கடன் நிதியொன்றைத் தனியே ஏற்படுத்துங்கள். வேலையில் அமர்ந்தபின் தவணையாகத் திருப்பட்டும். அடுத்த பிள்ளைக்கு அது செல்லட்டும். பத்து வீடுகள் வழியனுப்பு விருந்தைச் சுருக்கினாலே நிதிக்கு முதல் பணம் சேர்ந்துவிடும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நம் பிள்ளைகளின் பயணத்தில் கல்வியும் கண்ணியமும் ஈமானும் ஒருசேர வளர வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.