பச்சைத் தபால் தலை

வீட்டுக் குழந்தைகள் தபால் தலை சேர்ப்பதைப் பார்த்து, "காலணாப் பெறாத காகிதத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று அலுத்துக்கொண்டதுண்டா? நான் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அதோடு நின்றேனா? ஒரு நாள் மேஜையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, என் பெண் எடுத்து வைத்திருந்த பச்சைத் தபால் தலை ஒன்றைக் குப்பையோடு தள்ளிவிட்டேன்.

அவள் அழவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தாள். ஒரு மூலை கிழிந்திருந்தது.

"மூன்று சென்ட் தலைதானே? வேறு வாங்கினால் போகிறது" என்றேன்.

"அதில் இருக்கிற அம்மாள் யாரென்று தெரியுமா, அம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மாள் ஜூலியட் கார்டன் லோ. அமெரிக்காவில் ஸவன்னா நகரத்தில் பிறந்தவர். ஏற்கெனவே ஒரு காது சரியாகக் கேட்காது. 1886-ல் கல்யாணத்தன்று, நம் அட்சதையைப் போல ஆசி கூறித் தூவிய அரிசியில் ஒரு மணி மற்றக் காதுக்குள் புகுந்துகொண்டது. அதை எடுக்கப் போய் அந்தக் காதும் பழுதாயிற்று! இல்லறமும் சுகப்படவில்லை, 1905-ல் கணவர் இறந்தார். அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலைச் சந்தித்தார். 1912-ல் ஊர் திரும்பி, 18 பெண்களைக் கூட்டிச் சாரணியர் படை அமைத்தார். பணமுடை வந்தபோது தம் முத்து மாலையையே விற்றார். 1948-ல் அமெரிக்கத் தபால் இலாகா வெளியிட்ட தலை அவருடையது.

என் பெண்ணின் ஆல்பம் முழுவதும் சாரணர் தலைகள்தான். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரிக் கதை எழுதியிருக்கிறாள். வாங்கக் கட்டுப்படியாகாதவற்றுக்கு வெறும் கட்டம் போட்டு இடம் விட்டிருக்கிறாள். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரம் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, 1900-ல் அச்சிட்ட நீலத் தலை ஒரு கட்டத்துக்கு உரியது. அதில் சைக்கிளில் இருப்பவன், அங்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த சிறுவர் படையின் தலைவன். இன்னொரு கட்டம் பிராகா நகரத்துக்கு. 1918 நவம்பரில், புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாகியா அரசின் கடிதங்களைச் சாரணச் சிறுவர்கள் சுமந்தார்கள். அதற்கென்றே நீலத்திலும் சிவப்பிலும் தலைகள் வந்தன.

உங்கள் குழந்தையும் சேர்க்கிறதா? எத்தனை தலை என்று கேட்காதீர்கள். ஒன்றைக் காட்டி அதன் கதையைக் கேளுங்கள். உறையிலிருந்து தலையைப் பிய்க்க விடாதீர்கள். ஓரத்தோடு கத்தரித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் தானே கழன்று வரும். பழைய உறையில் தபால் முத்திரை தெளிவாக இருந்தால், கத்தரிக்கோலையும் தொடவேண்டாம். உறையோடு வைப்பதே சிறப்பு.

பிற்பாடு அதே பச்சைத் தலையில் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் ஆல்பத்தில் இருப்பது மூலை கிழிந்ததுதான். அதன் கீழுள்ள இரண்டு வரியில் கிழித்தவள் பெயர் இல்லை. அந்த மட்டில் நான் தப்பித்தேன்!