பலகையில் சோற்றை எழுதுங்கள், சாதியை எழுதாதீர்கள்

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து நெல்லைக்குக் காரில் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். அன்று மாலைக்குள் என் கைப்பேசிக்கு மூன்று பட்டியல்கள் வந்துவிட்டன. காலை டிபனுக்கு எங்கே நிறுத்த வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு எந்தப் புறவழிச்சாலை, மாலைக் காபி எந்த ஊரில் என்று எல்லாம் இருந்தது. அன்பாகத்தான் அனுப்பினார்கள். மூன்றிலும் சேர்த்துப் பதினான்கு கடைகள். ஐந்து கடைகளின் பெயரில் ஏதோ ஒரு சாதியின் பெயர். இன்னும் நான்கு ‘சுத்த சைவம்’.

அந்தப் பெயர்களில் என் சாதி இல்லை. இருக்காது என்பதும் தெரியும். பத்தாண்டுகளாக இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறேன். பட்டியல் சாதி ஒன்றின் பெயரைப் போட்ட மெஸ் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. அந்தப் பெயரைப் போட்டால் யாரும் படியேற மாட்டார்கள் என்பது கடை வைப்பவருக்கும் தெரியும், சாலையில் போகிறவருக்கும் தெரியும். அப்படியென்றால் மற்ற சாதிப் பெயர்கள் அங்கே எதற்காகத் தொங்குகின்றன?

என் அப்பாவிடமும் ஒரு பட்டியல் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. இளம் வயதில் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போனவர் அவர். எந்த ஊர் டீக்கடையில் பெஞ்சில் உட்காரலாம், எங்கே நின்றுதான் குடிக்க வேண்டும், எங்கே சிரட்டை, எங்கே தனிக் கிளாஸ், எந்த ஊரில் நாக்கு வறண்டாலும் பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் எங்கள் வீட்டில் எங்கே கிளம்பினாலும் கட்டுச்சோறு. இந்த முறையும் அம்மா புளிச்சோறு கட்டத் தயாராக இருந்தார். நான்தான் “வேண்டாம்மா, நல்ல ஹோட்டலா பார்த்துச் சாப்பிடுவோம்” என்று தடுத்தேன்.

அமெரிக்காவில் இப்படியொரு பட்டியலை அச்சிட்டே விற்றார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர் 1936இல் தொடங்கியது அது. கறுப்பின மக்கள் காரில் போனால் அவமானப்படாமல் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று ‘கிரீன் புக்’ சொன்னது. 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்து சில ஆண்டுகளில் அது நின்றது. நம்மிடம் அப்படி ஒரு புத்தகம் இல்லை. அப்பாக்கள் இருந்தார்கள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, பட்டியலில் இருந்த கடை ஒன்றில் நிறுத்தினேன். அம்மாவுக்கும் மனைவிக்கும் சுத்தமான கழிப்பறை வேண்டும். அது அங்கே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா இறங்கி, பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். “ஏல, இதுக்குள்ள போலாமா?” என்றார். “யாரு கேக்கப் போறா, வாங்கப்பா” என்று கூட்டிப் போனேன்.

தோசை சாப்பிட்டார். காபி குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்று தேடினார். பரிமாறிய பையன் வடநாட்டுக்காரன். “வைங்க ஐயா” என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, டம்ளரை வாங்கிக்கொண்டு போனான். அப்பா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். “தாத்தா ஏன் டம்ளரைத் தூக்கிட்டுப் போனாரு?” என்று என் மகள் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுங்கச்சாவடி என்றாலே எனக்கு அண்ணல் அம்பேத்கரின் நினைவு வரும். 1901இல், சிறுவனாக, சகோதரனோடும் அக்காள் மகனோடும் தந்தையைப் பார்க்கக் கோரேகாவ் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், மகார் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள எந்த வண்டிக்காரரும் தயாராக இல்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியிலிருந்த சுங்கம் வசூலிப்பவரிடம் கேட்டும் கிடைக்கவில்லை. கூடையை வைத்துக்கொண்டே பட்டினியாகத் தூங்கினார்கள். பயணத்தில் சோறும் தண்ணீரும் சாதி பார்த்துத்தான் கிடைக்கும் என்று அந்தச் சிறுவனுக்கு அன்றே புரிந்துவிட்டது. அவர் தலைமையில் வரைவான அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் கடைகளும் பொது உணவகங்களும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இது தானாக மாறிவிடவில்லை. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று இருந்தது. பெரியாரின் இயக்கம் விடாமல் எதிர்த்து, 1941இல்தான் அது ஒழிந்தது. திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்று பலகை போட்ட ஓட்டலுக்கு எதிராக 1957இல் மறியல் தொடங்கியது. தொண்டர்கள் மாதக்கணக்கில் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்தச் சொல் இறங்கியது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வரலாறு இது.

ஆனால் பாதியில் நின்றுவிட்டோம். ஒரு சாதியின் பெயரைப் பலகையிலிருந்து இறக்கிய ஊரில், அதற்கடுத்த படியில் நின்ற சாதிகளின் பெயர்கள் இன்று விளக்குப் போட்டு எரிகின்றன. அவற்றைப் பார்த்து நமக்குக் கோபம் வருவதில்லை. ‘அது அவங்க சமையல்’ என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்கிறோம்.

‘சாதிப் பெருமை இல்லை, சமையல் மரபு’ என்பார்கள். மரபைச் சொல்ல ஊர்ப் பெயர் போதுமே. ஆம்பூர், திண்டுக்கல், செட்டிநாடு என்று சொன்னாலே என்ன மசாலா, என்ன அரிசி என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. சாதிப் பெயர் எந்த மசாலாவைச் சொல்கிறது? அதைவிட வேடிக்கை, அந்தப் பலகைக்குப் பின்னால் அடுப்படியில் வெங்காயம் உரிப்பவரும் பாத்திரம் தேய்ப்பவரும் பல கடைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். அவர்களின் சாதியை யாரும் விசாரிக்கவில்லை, குழம்பின் ருசியும் கெடவில்லை.

‘சுத்த சைவம்’ என்பதும் இதே கணக்குதான். சைவம் சாப்பிடுவது அவரவர் விருப்பம், அதில் நமக்குச் சண்டை இல்லை. ‘சைவம்’ என்று எழுதினாலே போதும், இன்ன உணவு கிடைக்கும் என்று தெரிந்துவிடும். முன்னால் ‘சுத்த’ என்று எதற்கு? கறி வேகும் அடுப்படி அசுத்தம் என்றுதானே பொருள்? இதில் அரசாங்கமும் விதிவிலக்கில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள்.

2024 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காவடி யாத்திரை செல்லும் சாலைகளில் உள்ள உணவுக் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று முசாபர்நகர் காவல்துறை உத்தரவிட்டது. யார் முஸ்லிம் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு விற்கிறோம் என்பதை எழுதச் சொல்லலாம், பெயரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். நாம் அதை வரவேற்றோம். அங்கே காவல்துறை மிரட்டி எழுதச் சொன்னது, இங்கே பெருமையாக எழுதிக்கொள்கிறார்கள். சமைப்பவரின் பிறப்பைப் பார்த்துச் சோற்றை நம்பு என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதில் இரண்டும் ஒன்றுதான்.

இனி நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று என்னிடம் யாராவது கேட்டால், ருசிக்கு முன்னால் மூன்றைச் சொல்வேன். பலகையில் சாதி இருக்கக் கூடாது. லாரி ஓட்டுநரும் கார்க்காரரும் ஒரே மேசையில் உட்கார முடிய வேண்டும். அங்கே வேலை செய்பவருக்கும் வயிறாரச் சோறு கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட கடைகள் இந்தச் சாலையில் நிறையவே இருக்கின்றன. அவற்றைப் பட்டியலில் சேருங்கள். சாதிப் பெயர் போட்ட கடையில் சாப்பிட்டால், பணம் கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “சாப்பாடு நல்லா இருந்துச்சு. இந்தப் பேரு எதுக்குங்க?” பத்துப் பேர் கேட்டால் அவர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் பலகை எழுதுபவரைக் கூப்பிடுவார்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறாள். திரும்பி வரும்போது கார் கண்ணாடி வழியாக ஒவ்வொரு கடைப் பலகையாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு பெயரில் நின்று, “இப்படின்னா என்னப்பா?” என்று கேட்டாள். பின் இருக்கையில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.