மீனுக்குச் செவுள் பார்க்கிறோம், பெட்ரோலுக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போகாவிட்டால் எனக்கு அந்த வாரமே விடிந்ததாகத் தோன்றாது. பலகையில் குபேர் மார்க்கெட் என்று இருந்தாலும் புதுச்சேரிக்காரனுக்கு அது பெரிய மார்க்கெட்தான். போன வாரம் மீன்காரம்மா சங்கராவின் செவுளைத் தானாகவே தூக்கிக் காட்டினார். "பாருங்க சார், ரத்தம் மாதிரி செவப்பு. அப்புறம் வந்து என்னைக் கேக்கக் கூடாது." பக்கத்தில் ஒருவர் வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராகப் பெட்ரோல் பங்க் போனேன். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்றான் பையன். பார்த்தேன். ஜீரோ சரியாக இருந்தது. "இதுல எத்தனால் எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். "பெட்ரோல்தான் சார்" என்றான். பில்லிலும் பெட்ரோல் என்றுதான் இருந்தது. நாற்பது ரூபாய் வெண்டைக்காய்க்கு இருக்கும் உரிமை, முந்நூறு ரூபாய் பெட்ரோலுக்கு இல்லை. என் கோபம் அதுதான்.

என் ஸ்கூட்டர் 2008-இல் வாங்கியது, கார்புரேட்டர் வண்டி. இரண்டு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு மழைக்காலத்தில் திரும்பி வந்தேன். வண்டி உயிர் பெறவே இல்லை. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தில் அடியில் தங்கியிருந்த கலங்கல் நீரைக் காட்டினார். ரப்பர் குழாயும் உப்பிப் போயிருந்தது. "இப்பல்லாம் வாரத்துக்கு நாலு வண்டி இப்படித்தான் வருது, வாத்தியாரய்யா" என்றார். பழைய வண்டி, வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். எங்கள் ஊரோ கடல் காற்று வீசும் ஊர்.

வேதியியல் வாத்தியாராக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் அளவு சாடியில் 50 மில்லி பெட்ரோலும் 50 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழே நின்ற நீர் கிட்டத்தட்ட 60-ஐத் தொட்டது. 50-இல் 10, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

இது கலப்படம் அல்ல, அரசின் கொள்கை. 2022-இல் 10 சதவீதம். 2030-க்கு என்று வைத்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-இலேயே எட்டிவிட்டார்கள். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகள் பெரும்பாலும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறையும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது: இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ஏற்பச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கை, இந்த இழப்பை ஈடுகட்ட விலை குறைவாக இருக்க வேண்டும் என்றது. எத்தனாலின் கொள்முதல் விலையே பெட்ரோலை மிஞ்சிவிட்டது, அதனால் முடியாது என்று 2025-இல் சொன்னார்கள். சரி ஐயா, வரி உங்கள் கையில்தானே இருக்கிறது?

பாகூர்ப் பக்கத்திலிருந்து மொபெட்டில் கீரைக்கட்டு கொண்டுவருகிறவர் மாதம் மூவாயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், 5 சதவீதம் என்பது 150 ரூபாய். அவருக்கு அது ஒரு நாள் லாபம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"பிரீமியம் போடுங்க சார்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்பி95, பவர், ஸ்பீடு என்று பெயர்கள் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. ஆக்டேன் எண் என்பது வேகமல்ல. எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் குணம். கையேட்டில் 91 போதும் என்றிருந்தால் அதற்கு மேல் கொடுப்பது வீண். இ20 பெட்ரோலுக்கே 95 ஆக்டேன் என்பது தர விதி. கூடுதல் காசுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கரி படியாமல் பார்த்துக்கொள்ளும் துப்புரவு மருந்து. அது பொய்யில்லை. ஆனால் பிரீமியம் என்றாலே எத்தனால் இல்லை என்று நினைக்காதீர்கள். டேங்கில் அந்துருண்டை போட்டால் மைலேஜ் கூடும் என்று எங்கள் காலத்தில் நம்பினோமே, அதன் புதிய பதிப்பு இது.

நம் மேலும் தப்பு இருக்கிறது. தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு என்பதிலேயே புதுச்சேரி மயங்கிக் கிடக்கிறது. எல்லை தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். நமக்கோ அதில் ஒரு பெருமை. விலையைப் பார்த்தோம், சரக்கைப் பார்க்கவில்லை. வடிதாள் சோதனை கேட்கலாம், அடர்த்தி பார்க்கச் சொல்லலாம், முத்திரை குத்திய 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். இத்தனை உரிமை இருந்தும் ஆயுளில் ஒரு முறை கேட்டவர் எத்தனை பேர்? ஆனால் இந்த மூன்று சோதனையும் எத்தனால் எவ்வளவு என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் விற்பவர்தான்.

பிரான்சில் இருக்கும் என் அத்தை மகன் விடுமுறைக்கு வந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் சிரித்தான். அங்கே பம்பில் வட்டம் போட்டு இ5, இ10, இ85 என்று எழுதியிருக்குமாம். 2018-லிருந்து ஐரோப்பா முழுதும் அதுதான் சட்டம். புதிய வண்டிகளின் பெட்ரோல் மூடியிலும் அதே வட்டம். இரண்டும் பொருந்தினால் போட்டுக்கொள்ளலாம். இ85-க்கு விலையும் வெகு குறைவு. பிரேசிலில் எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அதைப் போடுவார்கள். ஓட்டுநரே கணக்குப் போட்டுக்கொள்வார். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நேர்கோட்டு வீதிகளில் நாம் நடக்கிறோம். இந்த வட்டத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

எத்தனாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரும்பு விவசாயிக்குக் காசு வருகிறது, அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. நல்லதுதான். கலப்பதைக் கலந்துகொள்ளுங்கள். எவ்வளவு என்று பம்பிலும் பில்லிலும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். பழைய வண்டிகளுக்கு இ10 தரும் ஒரு குழாயை விட்டுவையுங்கள். எரிசக்தி குறைந்த அளவுக்கு விலையைக் குறையுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் கேட்டுப் போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்கு முடிந்தால் கேள்வியும் முடிந்துவிடுமா?

அடுத்த முறை பங்க்கில் ஜீரோ பார்க்கும்போது, "எத்தனால் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். அந்தப் பையனுக்குப் பதில் தெரியாது, பாவம். நூறு பேர் கேட்டால் அவன் முதலாளியிடம் கேட்பான். மீன்காரம்மா மட்டும் செவுளைத் தூக்கிக் காட்டக் கற்றுக்கொண்டது எப்படி? நம் பாட்டிமார் கேட்டுக் கேட்டுத்தான்.